முடி நடவு: பொற்றாமரைக் குளத்திலிருந்து பைபாஸ் ரோடு வரை



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் பழுதுக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. ‘முடி நடுவதில் எஃப்.யூ.டி. நல்லதா, எஃப்.யூ.இ. நல்லதா? யாராவது செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?’ அரை மணி நேரத்துக்குள் முப்பது பதில்கள் வந்துவிட்டன. சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி எண்ணெய், மொட்டைத் தலையோடு ஒரு நடிகர் படம், சிரிப்புப் பொம்மைகள். கேட்ட கேள்விக்கு மட்டும் ஒரு பதிலும் இல்லை. கேட்ட தம்பி கொஞ்ச நேரத்தில் கேள்வியை அழித்துவிட்டான். அன்று இரவு என் வீட்டு மணியை அடித்து, “சார், உங்க தங்கச்சி பையன் பண்ணிக்கிட்டாரு இல்ல, அவர்கிட்ட பேசணும்” என்றான். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். பெயரைப் போடாமல் எழுதச் சொன்னான்.

முடியைப் பற்றிய வாதம் நம் ஊருக்குப் புதிதல்ல. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, பூவாலும் எண்ணெயாலும் வருகிற மணம்தானா என்று செண்பகப் பாண்டியனுக்கு வந்த ஐயமும், அதற்காகக் கட்டித் தொங்கவிட்ட பொற்கிழியும், தருமியும், நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்ததும் திருவிளையாடலில் எல்லோரும் அறிந்த கதை. கதையை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் பாருங்கள். ஒரு குணம் முடிக்குச் சொந்தமா, வெளியிலிருந்து வந்து ஒட்டியதா? கிட்டத்தட்ட இதே கேள்வியை 1950-களில் நியூயார்க்கில் ஒரு தோல் மருத்துவர் கேட்டார். அவருக்குக் கிடைத்த விடையில்தான் இன்று பைபாஸ் ரோட்டில் நீங்கள் பார்க்கிற முடி நடவு விளம்பரங்கள் அத்தனையும் நிற்கின்றன.

நான் வேளாண்மைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். மருத்துவன் இல்லை. தங்கை மகன் விஷயத்தில் அடிபட்ட பிறகு தேடித் தேடிப் படித்ததைத்தான் சொல்கிறேன். உதாரணங்கள் வயலிலிருந்து வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜப்பானுக்குப் போக வேண்டும். 1939-இல் ஷோஜி ஒகுடா என்ற தோல் மருத்துவர், உயிருள்ள முடியைத் தோலோடு சிறு வட்டமாகக் குடைந்தெடுத்து வேறிடத்தில் பதித்து வளர்த்ததைக் கட்டுரையாக வெளியிட்டார். அவரிடம் வந்தவர்கள் அழகுக்காக வந்தவர்கள் அல்லர். தீப்பட்டுத் தலையில் தழும்பானவர்கள், புருவம் இழந்தவர்கள். 1943-இல் ஹஜிமே தமுரா என்ற இன்னொரு ஜப்பானியர் இன்னும் நுட்பமாக ஒற்றை ஒற்றை முடியாக நட்டுக் காட்டினார். அந்த நேரத்தில் உலகப்போர். ஜப்பானிய மொழியில் இருந்த அந்தக் கட்டுரைகள் மேற்கு நாடுகளின் கண்ணில் படாமலே போயின. அதனால் தமுரா வந்து சேர்ந்த இடத்துக்கு மற்றவர்கள் வந்து சேர இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. இடைப்பட்ட காலத்தில் தலையைக் கொடுத்தவர்கள் பாடு என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

வழுக்கை ஏன் விழுகிறது என்பது பற்றியும் அந்தக் காலத்தில்தான் துப்பு கிடைத்தது. 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர், பருவம் எய்தும் முன்பே விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று எழுதினார். அவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. ஆக, பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஹெல்மெட்டோ, போர்வெல் உப்புத் தண்ணீரோ காரணம் இல்லை. நம் குடியிருப்புத் தண்ணீரின் மேல் எனக்கும் ஆயிரம் புகார் உண்டு, ஆனால் இந்தப் பழியை அதன் மேல் போட முடியாது.

இனி நியூயார்க். நார்மன் ஓரென்ட்ரைக் செய்த சோதனை எளிமையானது. பின்னந்தலையிலிருந்து முடியுள்ள தோல் வட்டத்தை எடுத்து வழுக்கையில் வைத்தார். வழுக்கையிலிருந்து ஒரு வட்டத்தை எடுத்துப் பின்னந்தலையில் வைத்தார். வழுக்கைக்கு வந்த பின்னந்தலை முடி வளர்ந்துகொண்டே இருந்தது. பின்னந்தலைக்குப் போன வழுக்கைத் தோல் அங்கேயும் வழுக்கையாகவே இருந்தது. மண் எதுவானாலும் விதையின் குணம் மாறவில்லை. 1952-இல் முதல் அறுவை செய்தவரின் கட்டுரை 1959-இல்தான் வெளிவந்தது. முடி கொட்டுவதும் நிலைப்பதும் அதன் பிறவிக் குணம், குடியேறிய இடத்தின் குணம் அல்ல என்பது அவர் முடிவு. பாண்டியன் ஐயத்துக்கு நக்கீரர் என்ன சொல்லியிருந்தாலும், இந்த விஷயத்தில் இயற்கைதான் ஜெயித்தது.

நம் நாட்டில் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1792 போரில் ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கறுபட்டார். புனே அருகே செங்கல் சுடும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலைக் காம்போடு திருப்பி இறக்கி அவருக்கு மூக்கு செய்து கொடுத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி படத்தோடு வந்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் அந்த முறையைக் கற்றுக்கொண்டது அதன் பிறகுதான். இன்றும் நெற்றி குறுகியவர்களுக்கு அப்படிச் செய்யும்போது, தோல் மயிர்க்கோட்டைத் தாண்டி எடுக்கப்பட்டால் மூக்கில் முடி முளைத்துவிடும். இடம் பெயர்ந்தாலும் தலைத்தோல் தலைத்தோல்தான்.

இனி விட்ட இடத்துக்கு வருகிறேன். 1960-களிலும் 70-களிலும் நட்டவர்கள், நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒவ்வொரு வட்டமாக நட்டார்கள். ஒரு வட்டத்தில் பத்துப் பதினைந்து முடிகளும் அதற்கு மேலும் இருக்கும். முடி வளர்ந்தது உண்மைதான், ஆனால் பார்க்கப் பொம்மைத் தலை மாதிரி கொத்துக் கொத்தாக இருந்தது. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்தில் முன்பெல்லாம் நாற்றைக் கொத்தாக அள்ளி நட்டுவிட்டுப் போவார்கள். பிறகு திருந்திய நெல் சாகுபடி வந்தது. ஒற்றை நாற்று நடுங்கள் என்று நாங்கள் வரப்பு வரப்பாகச் சொல்லிக்கொண்டு நடந்தோம். முடியிலும் அதே திருத்தம் வந்தது. இயற்கையில் முடி ஒவ்வொன்றாகவும் இரண்டு மூன்று நான்காகவும் ஒரே குருத்திலிருந்து வளர்கிறது என்று 1984-இல் ஹெடிங்டன் என்பவர் எழுதினார். அந்தக் குருத்தைத்தான் இப்போது கிராஃப்ட் என்கிறார்கள். 1988 வாக்கில் டெக்சாஸில் பாபி லிம்மர் அந்தக் குருத்துகளை நுண்ணோக்கியின் கீழ் பிரித்தெடுத்து நடத் தொடங்கினார். நடப்பட்டது என்று சொன்னாலொழியத் தெரியாத தலைகள் அதன் பிறகுதான் வந்தன.

தம்பி கேட்ட எஃப்.யூ.டி. இதுதான். பின்னந்தலையில் காதுக்குக் காது ஒரு மெல்லிய பட்டையை அறுத்தெடுத்துத் தையல் போடுவார்கள். அந்தப் பட்டையை மேசையில் வைத்துக் குருத்து குருத்தாகப் பிரிப்பார்கள். இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்காலைச் சுருட்டி எடுப்போமே, அந்த மாதிரி. வேர் அதிகம் சேதமாகாது. ஆனால் கோடு போல ஒரு தழும்பு நிரந்தரமாக இருக்கும். முடி ஒரு விரல் நீளம் இருந்தால் மூடிவிடும். சம்மர் கட்டிங் அடிப்பவர்களுக்குத் தெரியும்.

எஃப்.யூ.இ. என்பது பாயைத் தொடாமல் நாற்றங்காலிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நாற்றாகப் பறிப்பது. ஜப்பானில் இனாபாவும் ஆஸ்திரேலியாவில் ரே உட்ஸும் 1980-களின் கடைசியில் இதைத் தொடங்கினார்கள். 2002-இல் ராஸ்மன், பெர்ன்ஸ்டீன் இருவரும் முறையாக எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. சுமார் ஒரு மில்லிமீட்டர் குழாய் ஊசியால் குருத்தைச் சுற்றிக் குடைந்து உருவுவார்கள். தையலும் இல்லை, கோடும் இல்லை. ‘தழும்பே இல்லை’ என்று விளம்பரம் சொல்வது மட்டும் சரியில்லை. எத்தனை குருத்து எடுத்தார்களோ அத்தனை சிறு புள்ளித் தழும்புகள் இருக்கும். தோலுக்கு அடியில் வேர் எந்தக் கோணத்தில் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கைப்பழக்கம் இல்லாதவர் குடைந்தால் வேர் நடுவில் அறுபடும், அந்தக் குருத்து வீண். இந்த வேலைக்கு அமெரிக்காவில் 2011-இல் ஒரு ரோபோவுக்கே அனுமதி கொடுத்தார்கள் என்றால் எவ்வளவு நுணுக்கமான வேலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டி.எச்.ஐ., சஃபையர் என்று மூன்றாவது நான்காவது பெயர்களும் உங்களிடம் வரும். அவை நடுகிற விதத்தின் பெயர்கள், எடுக்கிற விதத்தின் பெயர்கள் அல்ல. டி.எச்.ஐ.யில் பயன்படும் பேனா போன்ற கருவி கொரியாவில் உருவாகி 1992-இல் வெளியுலகுக்கு வந்தது. சஃபையர் என்பது குழி போடும் கத்தியின் முனை. இரண்டிலும் முடியை எடுப்பது பெரும்பாலும் அதே எஃப்.யூ.இ. முறையில்தான். கலப்பையின் பெயரை மாற்றிச் சொல்லி விலை ஏற்றுவதை நான் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எது நல்லது? முடியை ஒட்ட வெட்டிக்கொள்பவர், போலீஸ், ராணுவம் என்று போகிறவர், கொஞ்ச இடம் மட்டும் நிரப்பினால் போதும் என்பவர், பழைய தழும்பை மறைக்க நினைப்பவர் இவர்களுக்கு எஃப்.யூ.இ. பொருந்தும். முடியை நீளமாக வைத்திருப்பவருக்கும், பின்னந்தலையை மழிக்க விரும்பாத பெண்களுக்கும், ஒரே தடவையில் நிறைய வேண்டியவருக்கும் எஃப்.யூ.டி. இன்றும் நல்ல முறைதான். பழையது என்று ஒதுக்க வேண்டியதில்லை. காயம் பட்டால் தழும்பு தடித்து மேலே புடைத்து வளரும் உடல்வாகு நம்மவர்களில் பலருக்கு உண்டு. காது குத்திய இடத்தில் அப்படி ஆனவர்கள் எந்த முறைக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், முறையைத் தேர்ந்தெடுப்பது எனக்கு இரண்டாவது கேள்வியாகத்தான் படுகிறது. ஓரென்ட்ரைக் சோதனையின் மறுபக்கத்தை யோசியுங்கள். நிலைக்கிற முடி பின்னந்தலையில் மட்டும்தான் என்றால் அது அளவான சொத்து. எந்த முறையும் புதிய முடியை உண்டாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது. தலையில் மொத்தம் ஒரு லட்சம் முடி என்று வைத்துக்கொண்டால், வாழ்நாள் முழுவதற்கும் பின்னந்தலையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பலருக்கு 6000 குருத்து அளவில் நின்றுவிடும், ஆளுக்கு ஆள் முன்பின் இருக்கும். இந்த நாற்றங்காலில் பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது. அது விதைநெல்.

என் தங்கை மகனுக்கு அது தெரியாது, எங்களுக்கும் தெரியாது. 24 வயதில் வெளியூரில் ஒரு இடத்தில் செய்துகொண்டான். நெற்றிக்கோட்டைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கீழே இறக்கி வைத்துக் கொடுத்தார்கள். முதல் வருடம் பிரமாதமாக இருந்தது, கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் பழைய முடி கொட்டுவது நிற்கவில்லை. 24 வயதில் தொடங்கிய வழுக்கை எங்கே போய் முடியும் என்று அப்போது யாராலும் சொல்லியிருக்க முடியாது. 30 வயதில் முன்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் வெறும் மண்டை என்று ஆனது. மறுபடி நடலாம் என்று வேறொரு மருத்துவரிடம் போனபோது அவர் பின்னந்தலையைக் காட்டித் தலையை ஆட்டிவிட்டார். ஒரே இடத்தில் நெருக்கி நெருக்கிப் பறித்ததில் அங்கே பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆகியிருந்தது. இப்போது தொப்பி போடாமல் அவன் வெளியே வருவதில்லை. நம் தம்பி அவனிடம் ஃபோனில் பேசியபோது அவன் கேட்ட முதல் கேள்வி, “உனக்கு வயசு என்ன?”

இரண்டாவது கேள்வி, “யார் செய்யப் போறாங்க?” இது அதைவிடப் பெரியது.

நம் கிராமங்களில் முடிவெட்டும் தொழில் செய்தவர்களுக்கு மருத்துவர் என்றே பெயர். கட்டியைக் கீறுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கற்ற கை அது. ஊருக்குள்ளேயே இருந்து பதில் சொல்ல வேண்டிய கையும்கூட. இன்றைக்கு நடப்பது வேறு. 2016 மே மாதம் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி நட்டுக்கொண்ட பிறகு உடல்நிலை மோசமாகி, இரண்டொரு நாளில் வேலூர் மருத்துவமனையில் இறந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அந்த இடத்துக்கு முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம்தான் இருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. 2019-இல் மும்பையில் ஒருவர் ஒரே அமர்வில் 9000-க்கும் மேற்பட்ட குருத்துகள் நட்ட பிறகு இறந்துபோனார்.

உச்சந்தலை மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த லிக்னோகெயின் மருந்துக்கு உடல் எடையை வைத்து உச்ச அளவு உண்டு. ஆறு மணி, எட்டு மணி நேரம் நீடிக்கும்போது மறுபடி மறுபடி போடுவார்கள். கணக்கு தவறினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு நிற்கலாம். ஒவ்வாமையும் வரலாம். அந்த நிமிடத்தில் அருகில் ஒரு மருத்துவர், ஆக்சிஜன், அவசர மருந்து இல்லையென்றால் முறையின் பெயர் என்னவாக இருந்தாலும் ஒன்றுதான்.

2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இதற்காகவே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்களும், இதற்கான பயிற்சி பெற்ற தோல் மருத்துவர்களும்தான் செய்ய வேண்டும் என்கிறது அது. பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தது பயிற்சி ஆகாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு பேர் அப்படிக் கற்றுக்கொண்டிருந்தால் அதை எழுதும்படி ஆகியிருக்கும்! மருத்துவரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பார்க்கலாம். இடத்துக்கு மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் மருத்துவ நிறுவனப் பதிவு இருக்க வேண்டும், சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். தருமியிடம் பாட்டுக்குப் பொருள் கேட்டார்கள், நாம் ஒரு பதிவு எண் கேட்பதில் தப்பில்லை. குடைவதும் குழி போடுவதும் மருத்துவரா உதவியாளரா, முழு நேரமும் அவர் அறையில் இருப்பாரா என்பதை எழுத்தில் கேளுங்கள். விலை பேசும்போது 2000 என்றால் 2000 முடியா, 2000 கிராஃப்டா என்றும் கேளுங்கள். ஒரு கிராஃப்டில் சராசரி இரண்டு முடி என்பதால் அந்த ஒரு சொல்லில் பாதிக்குப் பாதி வித்தியாசம். 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பிறவிக் குறைக்கும் விபத்துக் காயத்துக்கும் செய்தால் மட்டும் வரி விலக்கு. ஒகுடாவிடம் போனவர்கள் இன்று வந்திருந்தால் வரி கட்ட வேண்டியிருக்காது.

நட்ட முடி இரண்டு மூன்று வாரத்தில் உதிர்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேர் உள்ளே இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் போய் நட்டுக்கொள்பவர்கள் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும்போது தலை நிலைமை மோசமாக இருக்கும்.

நடவே தேவையில்லாத முடி உதிர்வும் நிறைய. டைபாய்டு, டெங்கு வந்து போன பிறகு கொட்டுவது தானாகத் திரும்பும். இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு இருந்தால் அதைச் சரிசெய்தால் போதும். பூச்சிவெட்டுக்கு நடவு மருந்தல்ல. பரம்பரை வழுக்கையின் ஓட்டத்தைத் தடுக்க இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று மினாக்ஸிடில். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், அமெரிக்காவில் 1988-இல் அனுமதி. இன்னொன்று ஃபினாஸ்டரைடு, 1997. இதற்குச் சிலருக்குப் பாலுறவு தொடர்பான பக்கவிளைவுகள் வருவதுண்டு, மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கக் கூடாது. நட்டுக்கொண்டவர்களுக்கும் பழைய முடியைக் காப்பாற்ற இவை தேவைப்படலாம். என் தங்கை மகனுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

நம் தம்பிக்கு வயது 23. தோல் மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். நடுவதைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம், ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு ஆறு மாதம் மினாக்ஸிடில் தடவுங்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. தை மாதம் பெண் பார்க்க வருகிறார்களாம். வரும் வழியில் காளவாசல் சிக்னலில் நின்றபோது விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். ஆறாவது மாதம் மார்கழியில் முடிகிறது.